தண்ணீர் இதுவரை

கீழறையின் சுவர் முழுவதும் காய்ந்திருந்தது, ஒரே ஒரு கோட்டைத் தவிர.

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஓடில் அதைப் பார்த்தாள். அவளுடைய மார்பளவு உயரத்தில், கொத்தனார் நூல் பிடித்ததுபோல், ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் சுவரோடு படுக்கையாக ஓடியது. கட்டிலின் தலைமாட்டில் தொடங்கி, சன்னலில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கி, அலமாரிக்குப் பின்னால் புகுந்து, கதவு நிலை வரைக்கும் வந்திருந்தது. தரை ஓதம் கீழிருந்து ஏறும். கூரை ஒழுகினால் மேலிருந்து வழியும். லுவார் ஆற்றங்கரையில் முப்பது வருடமாகச் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடுகிற ஓடிலுக்கு ஈரத்தின் எல்லாக் குணமும் அத்துப்படி. நடுச்சுவரில் நேர்க்கோடாக நிற்கும் ஈரத்தை மட்டும் அவள் கண்டதில்லை.

துண்டால் ஒற்றினாள். பழுப்பாக ஒட்டியது. மோந்து பார்த்தாள். வெளியே அக்டோபரின் கடைசி நாள். காலையிலிருந்து ஆற்றின்மேல் கிடந்த பனிமூட்டம் மத்தியானம் தாண்டியும் கலையவில்லை. தெரு முழுக்க விறகுப் புகையும், கல்லறைகளுக்காக வாங்கி வைத்த சாமந்திப் பூவும் மணத்தன. துண்டிலோ ஜூன் மாதம் மணத்தது. வெட்டிப்போட்ட புல்லும் வெதுவெதுப்பான சேறும்.

அந்த உயரம் அவளுக்குத் தெரியும். ஆகஸ்டில் அவள்தான் அதைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தாள்.

அந்தத் தெருவின் வீடுகள் எல்லாமே கரைமேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் நிற்பவை. மேட்டின்மேல் போகும் சாலையில் நின்றால் கூரைகள் கால்மட்டத்தில் தெரியும். 1856 ஜூனில் மேடு உடைந்தபோது ஆறு தெருவுக்குள் வந்தது. எது வரை வந்தது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளைக் கல்லில் கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற வீடுகளில் அந்தக் கோடு வாசல் தூணில், வெளியே இருக்கிறது. ஓடிலின் வீட்டில் மட்டும் உள்ளே, கீழறையில்.

அதற்குக் காரணம் இருந்தது. அன்று தண்ணீர் வந்த வேகத்தில் வீட்டுக்காரனும் மனைவியும் பரணுக்கு ஏறிவிட்டார்கள். சின்னவள் அவளிடம் இருக்கிறாள் என்று அவன் நினைத்தான். அவனிடம் இருக்கிறாள் என்று அவள் நினைத்தாள். குழந்தை கீழறையில் தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அந்தத் தாய் சமையல் கத்தியால் தானே சுவரில் கோடு இழுத்தாள். கோட்டுக்கு ஒரு முழம் கீழே, தனியாக, சின்னதாக இன்னொரு வெட்டு. அது மகளின் உயரம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் முதல்முறையாகத் தலைசாய்க்க வந்தாலும், அவள் அவர்களுடைய கையைப் பிடித்துக் கோட்டில் வைத்து, "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு" என்று சொல்வாளாம். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். எச்சரிக்கையாகச் சொன்னாளா, மன்னிப்புக் கேட்டாளா என்று தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்த ஒவ்வொருத்தியும் அதைச் செய்தாள். தெரு முழுக்க அதைப் பழக்கமாக்கிக்கொண்டது. நவம்பர் ஒன்றாம் தேதி, இறந்தவர்களின் கல்லறைக்குப் பூ வைக்கும் புனிதர் திருநாள்; அதற்கு முந்தின நாள் எல்லா வீட்டுப் பெண்களும் கோட்டைச் சுரண்டிக் கழுவி, செங்காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் புதிதாகத் தீட்டுவார்கள்.

ஓடிலும் முப்பது வருடம் தீட்டினாள். விருந்தினர்களின் கையைப் பிடித்து வைத்துச் சொன்னாள். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி இணையத்தில், 'அழகான வீடு, நல்ல ஜாம், தலைமாட்டில் மட்டும் ஒரு சாவு' என்று எழுதினாள். கணவர் போன பிறகு ஓடிலின் முழங்கால்களும் போயின. வீட்டை விற்றுவிட்டு ரென் நகரத்தில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் பார்த்துக்கொள்ள நினைத்தாள். வாங்க வந்த முதல் ஆட்கள் கோட்டைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வேண்டாம் என்று போன் செய்தார்கள். "பூசி விட்டுடும்மா, சுவர்தானே" என்றான் மகன்.

தெருவே சந்தைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு பூசினாள். பெரிய கோடு பூச்சுக்கரண்டிக்குச் சுலபமாக அடங்கியது. சின்ன வெட்டுக்குள் கரண்டி நுழையவில்லை. கட்டை விரலால் அமுக்கி நிரப்ப வேண்டியிருந்தது. விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தையின் கண்ணை மூடுவதுபோல் இருந்தது. அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

செப்டம்பரில் பாஸ்தியனும் எலோடியும் நாலு வயது மகளோடு வீடு பார்க்க வந்தார்கள். "இந்த வீட்டுக்குள்ள எப்பவாவது தண்ணி வந்துருக்கா மதாம்?" என்று எலோடி நேராகவே கேட்டாள். பத்திரத்தோடு வைக்கிற அரசாங்கத் தாளில் பள்ளத்தாக்கு முழுவதுமே வெள்ள அபாயப் பகுதி என்று இருக்கும்; எல்லோருக்கும் அதே தாள், யாரும் படிப்பதில்லை. ஓடில் சிரித்தாள். "அப்புறம் மேடு எதுக்கு இருக்கு?" என்றாள். மூச்சு விடாமல் ஃபோந்தவ்ரோ மடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அங்கே கல்லறைமேல் கற்சிலையாகப் படுத்திருக்கும் ராஜாவையும் ராணியையும், ராணியின் கையிலிருக்கும் புத்தகத்தையும், எந்த நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது என்பதையும். அவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். நாக்கு எவ்வளவு சுலபமாக வேறு வழியில் திரும்பிக்கொள்கிறது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

நாளைக் காலை அல்ல, அதற்கு அடுத்த நாள் காலை பத்திரம். அதுவரை வீட்டில் தங்கிப் பார்க்கிறோம் என்று அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள். நேற்று மாடியில் படுத்தார்கள். இன்றைக்குக் கீழறை வேண்டுமாம். "ஆத்துப் பக்கம் பார்த்த அறை, பாப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று காலையில் சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தார்கள்.

ஓடில் குழந்தையின் சின்னக் கட்டிலுக்கு விரிப்புப் போடக் குனிந்தாள்.

சத்தம் நின்றது.

தெருவில் ஓடிய வண்டியின் சத்தம், சமையலறைக் கடிகாரம், அவளுடைய மூச்சு, எல்லாமே ஒரே கணத்தில் தூரமாகப் போயின. காதுக்குள் ஏதோ வந்து அடைத்து, கனமாக, ங் என்று அமுக்கியது. கண்ணுக்கு முன்னால் கட்டில் கட்டிலாகத்தான் இருந்தது. விரிப்பு விரிப்பாகத்தான் இருந்தது. நிமிர்ந்தாள். கடிகாரம் ஓடியது. வண்டி மேட்டுச் சாலையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

ரத்த அழுத்தம், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுபடி குனிந்தாள். மெல்ல, படி இறங்குவதுபோல், தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி. நெற்றி ஈரக்கோட்டின் மட்டத்தைத் தாண்டும்போது முகத்தில் குளிர் தட்டியது. காது கோட்டுக்குக் கீழே போன இடத்தில் உலகம் அணைந்தது.

விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

சமையலறை வாசலில் அடுத்த வீட்டு ஜோசியான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் காவிச் சட்டி, இன்னொரு கையில் கலங்கலான புது ஒயின் பாட்டில். முன்கை வரை சிவப்பு.

"என்னடி, பேயைப் பார்த்தவ மாதிரி வர்ற? தெருவுல எல்லாரும் பூசியாச்சு. நீ மட்டும் மூஞ்சி கழுவாத கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கற."

"நான் காலைலயே பூசிட்டேன்."

"கையில காவியே காணோம்?"

"உறை போட்டுக்கிட்டேன்."

"காவிக்குக் கையுறை! இன்னும் ரென்னுக்குப் போகவே இல்ல, அதுக்குள்ள சீமாட்டி ஆயிட்டா பாரு." ஜோசியான் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "புதுசா வந்தவங்களுக்குக் காட்டினியா?"

"காட்டாம இருப்பனா?"

"சின்னதையும்?"

"ம்."

"அந்தப் பொடிசு கையையும் வச்சியா? அவளும்தான் இங்க படுக்கப் போறா."

"வச்சேன்னு சொல்றேன்ல."

ஜோசியான் அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் அது வம்பு. அந்தத் தெருவின் வழக்கம் அப்படி. இவளாகப் போய் அவர்களிடம் ஒருபோதும் கேட்கமாட்டாள் என்று ஓடிலுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு துணிச்சலாகப் பொய் வந்தது. முகம் காதோடு சேர்ந்து சூடேறியது.

"சரி, சாயங்காலம் எங்க ஒயின் குகைக்கு வாங்க. கஷ்கொட்டைய வறுக்கறோம். அவங்களையும் கூட்டிட்டு வா." ஜோசியான் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். வாசல் தாண்டியவள் திரும்பினாள். "ஏன்டி, உள்ள புல்லு ஏதும் காயப் போட்டிருக்கியா? வாசனை வருதே."

நாலரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கார் மேட்டிலிருந்து சரிந்து இறங்கி வந்து நின்றது. மகள் லிஸோன் முதலில் குதித்தாள். மஞ்சள் மழையங்கி, சிவப்பு பூட்ஸ், உதட்டைச் சுற்றி சாக்லேட்.

"மதாம், ராணி புக் படிச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க!" என்று கத்தினாள்.

"ஆமாண்டா கண்ணு, எண்ணூறு வருஷமா ஒரே பக்கம்" என்றான் பாஸ்தியன். "எங்க அப்பா மாதிரி."

எலோடி சிரித்துக்கொண்டே மேலங்கியைக் கழற்றாமல் அடுப்படியில் வந்து கையைச் சூடாக்கிக்கொண்டாள். கான்த் கிராமத்துக்குப் போய், வியேன் ஆறு வந்து லுவாரில் கலக்கும் இடத்தைப் பார்த்தார்களாம். இரண்டு தண்ணீரும் இரண்டு நிறத்தில் கொஞ்ச தூரம் ஒட்டாமலே போனதாம். மோன்ஸொரோ கோட்டையின் சன்னலில் நின்றபோது கீழே ஆறு அவ்வளவு அமைதியாக இருந்ததாம், குளம் மாதிரி. ஓடில் தலையாட்டிக்கொண்டே உப்பின ரொட்டிகளைப் பிளந்து உள்ளே பன்றி இறைச்சி விழுதைத் தடவினாள்.

"மதாம், ஒண்ணு கேக்கணும்" என்றாள் எலோடி. "எல்லா வீட்டு வாசலிலும் சிவப்பா ஒரு கோடு போடறாங்களே, என்னது அது?"

கத்தி ரொட்டியில் நின்றது.

இப்போது சொல்லலாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வைத்தால் போதும். ஒரு வாக்கியம். முப்பது வருடமாக வாயில் தேய்ந்த வாக்கியம்.

"திருநாளுக்கு அப்படி அலங்காரம் பண்றது வழக்கம்" என்றாள் ஓடில். "நாளைக்கு நீங்க ஸோமூர் போங்க. கோட்டைக்குப் பின்பக்கமா ஏறினீங்கன்னா ஆறு வளையறது முழுசாத் தெரியும். அப்புறம் காளான் வளர்க்கற குகைங்க இருக்கு, பாப்பாவுக்கு ஒரு கம்பளி மட்டும் எடுத்துக்கோங்க, உள்ள ஜில்லுன்னு இருக்கும்..."

சொல்லிக்கொண்டே போனாள். தன் குரல் தன்னை விட்டுத் தள்ளி நின்று பேசுவது அவளுக்குக் கேட்டது. எலோடி கவனமாகக் கேட்டுவிட்டு, அவளுடைய கையின்மேல் கை வைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நாங்க பதினஞ்சு வீடு பார்த்தோம். எல்லாரும் ஏதாவது ஒண்ணை மறைச்சாங்க. கரையான், ஓதம், சண்டைக்கார பக்கத்து வீடு. நீங்க ஒருத்தர்தான் நேராப் பதில் சொன்னீங்க. அதனாலதான் இந்த வீடு."

ஓடிலால் அந்தக் கைக்குக் கீழிருந்து தன் கையை எடுக்க முடியவில்லை. அங்கேயே விட்டுவைக்கவும் முடியவில்லை.

"லிஸோன்!" என்று பாஸ்தியன் கூப்பிட்டான். "ரொட்டி ஆறுது, வா!"

பதில் இல்லை. கீழறைக் கதவு திறந்திருந்தது. அவள் சாத்திய கதவு. உள்ளே லிஸோன் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்; இருபது அடி தூரம்கூட இருக்காது.

"லிஸோன்! ஏய் குட்டி!"

திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை.

"வேணும்னே பண்றா" என்றாள் எலோடி. "காது கேக்காத மாதிரி. நேத்தும் இதே விளையாட்டு."

பாஸ்தியன் போனான். அறைக்குள் நுழைந்து, குனிந்து, மகளை அள்ளித் தூக்கினான். குனிந்த கணத்தில் அவன் முகம் ஒரு மாதிரி சுருங்கியதை ஓடில் பார்த்தாள். நிமிர்ந்ததும் தலையை ஆட்டி, காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டான். வெளியே வரும்போது அவனுடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில், மார்புக்குக் குறுக்கே, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு பழுப்பு ஈரக்கோடு.

"அப்பா நீ எப்பக் கூப்பிட்ட?" என்றாள் லிஸோன். "எனக்குக் கேக்கவே இல்ல."

"அப்படியா? அவ்ளோ மும்முரமா என்ன பண்ணிட்டிருந்த?"

"ஒரு பாப்பாகூட பேசிட்டிருந்தேன். அதுக்கு ஒரு செருப்புதான் இருக்கு. இன்னொண்ணு மேல போயிடுச்சாம்." சின்ன விரல் நேராகக் கூரையைக் காட்டியது. "எட்டலயாம்."

இருவரும் சிரித்தார்கள். ஊரில் இருக்கும்போது அவளுக்கு ஒரு கற்பனைக் கழுதை இருந்ததாம். இது பரவாயில்லையாம், குறைவாகத்தான் சாப்பிடும்.

ஓடில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கும் நீங்க மாடியிலேயே படுத்துக்கோங்களேன்" என்றாள். "கீழ... கீழ கணப்பு சரியா வேலை செய்யல."

"நான் இப்பத்தான் தொட்டுப் பார்த்தேன் மதாம், சூடாத்தான் இருக்கு" என்றான் பாஸ்தியன். "வெதுவெதுன்னு. கோடைக்காலம் மாதிரி."

அவன் சட்டையிலிருந்த கோட்டை அவனும் பார்க்கவில்லை, எலோடியும் பார்க்கவில்லை. பெட்டிகளைக் கொண்டுவர இருவரும் காருக்குப் போனார்கள். லிஸோன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினாள். ஓடில் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். சிவப்பு பூட்ஸ் வாசல்படி தாண்டியதைப் பார்த்தாள்.

சமையலறையில் தனியாக நின்றாள்.

திரும்பி வரட்டும், சொல்லிவிடலாம். வீடு போனால் போகட்டும். முழங்கால்களோடு இங்கேயே கிடந்து சாகலாம். ஜோசியான் தெரு முழுக்கச் சொல்வாள், சொல்லட்டும். கல்லறைத் தோட்டத்தில் நாளைக்கு யாரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள், வேண்டாம். ஆனால் எலோடியின் முகம்? நேர்மையானவள் என்று கையைத் தொட்ட பெண்ணின் முகம், இந்த வாக்கியம் முடியும்போது எப்படி மாறும்? அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆற்றைவிட அந்த முகம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. இதற்கும் வெட்கினாள்.

டொக்.

கீழறையிலிருந்து.

மரம் கல்லில் மோதும் சத்தம். லேசாக. அவசரமில்லாமல்.

டொக்.

தரையில் இல்லை. சுவரில். மார்பளவு உயரத்தில் ஏதோ ஒன்று மிதந்து போய் முட்டி, விலகி, மறுபடி முட்டியது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கேட்டது. பிறகு சன்னல் பக்கம். பிறகு அலமாரி. சுற்றி வந்துகொண்டிருந்தது. கதவை நோக்கி.

வாசலில் பேச்சுச் சத்தம். எலோடி ஒரு பெட்டியோடு உள்ளே வந்தாள். மற்றக் கையை வீசிக்கொண்டு வந்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. பின்னாலேயே பாஸ்தியன், இரண்டு பெட்டி. அவன் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான்.

"குழந்தை எங்க?" என்றாள் ஓடில்.

"அவர்கூட" என்றாள் எலோடி.

"உன்கூடத்தானே உள்ள வந்தா?" என்றான் பாஸ்தியன்.

அவர்கள் பயப்படவில்லை. பயப்பட அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஒருவரை ஒருவர் பார்த்து, சலிப்பாகப் புன்னகைத்தார்கள். யார் தேடிப் போவது என்று கண்ணால் பேரம் பேசினார்கள்.

ஓடில் ஓடினாள். முழங்கால் வலித்தது. ஓடினாள்.

கீழறை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரை காய்ந்திருந்தது. கட்டில், விரிப்பு, அலமாரி எல்லாம் வைத்த இடத்தில். பூசிய சுண்ணாம்பு கோட்டின் நீளத்துக்கு உதிர்ந்து தரையில் வெள்ளையாகக் கிடந்தது. உள்ளே பழைய வெட்டு. முப்பது வருடக் காவி, ஈரமாக, புண் மாதிரி. அதற்குக் கீழே சின்ன வெட்டும் திறந்திருந்தது.

அறை நடுவில் லிஸோன்.

தரையில்தான் நின்றாள். சிவப்பு பூட்ஸ் பலகையில் ஊன்றியிருந்தது. மஞ்சள் மழையங்கி குடைபோல் விரிந்து இடுப்புக்கு மேலே எழும்பியிருந்தது. தலைமுடி. அவளுடைய தலைமுடி மேல்நோக்கி நின்றது. மெதுவாக, ஒவ்வொரு இழையாக, ஆடியது. கையிலிருந்த ரொட்டி விடுபட்டு, மேலே போய், கோட்டின் மட்டத்தில் நின்றது.

அவள் வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

எதுவும் கேட்கவில்லை.

ஓடில் உள்ளே பாய்ந்தாள். குளிர் ஒரே அடியில் மார்புவரை ஏறியது. குனிந்தாள். காது அணைந்தது. கண்ணும். வெளிச்சம் பழுப்பாகிவிட்டது, புல்லும் வைக்கோலும் முகத்தில் உரசின. எதுவும் தெரியவில்லை. கையை நீட்டித் துழாவினாள். துணி. நழுவியது. மறுபடி. ஒரு சின்னக் கை அவளுடைய கைக்குள் வந்தது.

பிடித்தது. இறுக்கமாக.

இழுத்தாள். இருந்த பலம் முழுவதையும் கூட்டி இழுத்து, மார்போடு அணைத்து, நிமிர்ந்து, தடுமாறி, வாசலுக்கு வெளியே வந்தாள். மூச்சு வந்தது. கடிகாரம் வந்தது.

"அட, இங்கதான் இருந்தியா?" என்றாள் எலோடி. சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கைகளை நீட்டினாள்.

கைமாறும்போதுதான் ஓடில் பார்த்தாள்.

மஞ்சள் இல்லை. முரட்டு நார்த்துணியில் ஒரு நீளச் சட்டை, சேற்று நிறத்தில். ஒரு காலில் மரச்செருப்பு. மற்ற கால் வெறுங்கால். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. முடியிலிருந்து மணல் கலந்து வடிந்தது. இமைகளுக்குள்ளும் மணல்.

"எவ்ளோ ஜில்லுன்னு இருக்கா பாரு" என்றாள் எலோடி, அதைத் தன் மேலங்கிக்குள் பொதிந்துகொண்டே. "தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. எங்கடி போய் விளையாடின? ம்? என் தங்கம்." அதன் நெற்றியில் முத்தமிட்டாள். பாஸ்தியன் பக்கத்தில் வந்து அதன் முதுகைத் தடவினான். இருவருடைய கண்ணிலும் சிரிப்பு. நிம்மதி.

அது அழவில்லை. எலோடியின் தோளுக்கு மேலாக ஓடிலைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கையை எடுத்து, எலோடியின் மேலங்கியில் மார்புக்குக் குறுக்கே படிந்துகொண்டிருந்த ஈரக்கோட்டின்மேல் வைத்தது. வீட்டுக்காரி செய்ய வேண்டியதை அது செய்தது.

ஓடிலின் வாய் திறந்தது.

சொல். இது உங்கள் குழந்தை இல்லை. உங்கள் குழந்தை உள்ளே இருக்கிறது. சொல்.

அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கோடு எங்கே இருந்தது என்று கேட்பார்கள். யார் மூடியது என்று கேட்பார்கள்.

"நாளைக்கு முதல்ல ஸோமூர்தானே மதாம்?" என்றான் பாஸ்தியன்.

"ஆமா" என்றது அவளுடைய குரல். "காலைலயே போயிடுங்க. கோட்டைக்குப் பின்பக்கமா ஏறுங்க. அங்கேருந்து பார்த்தா ஆறு முழுசாத் தெரியும்."

அவர்கள் அடுப்படிக்குப் போனார்கள். எலோடியின் நடைக்கு நடை, தொங்கிய மரச்செருப்பு மேசைக்காலில், நாற்காலியில், மோதிக்கொண்டே போனது.

ஓடில் திரும்பினாள். கீழறையில் விளக்கு எரிந்தது. தரை காய்ந்திருந்தது. அறையின் நடுவில், காவிக் கோட்டின் மட்டத்துக்கு ஒரு இம்மி கீழே, வெறும் காற்றில், கண்ணாடியில் பதிந்ததுபோல் ஐந்து சின்ன விரல் நுனிகள் வெளுத்து அமுங்கியிருந்தன. மேல்நோக்கி. தள்ளிக்கொண்டிருந்தன.